கிளி யாரையும் ஏமாற்றவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீட்கப்பட்ட கிளிகளைப் பொதுமக்களுக்கு அறிமுகம் செய்த நிகழ்ச்சிக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், நன்றி. ஆனால் அதில் 'சாம்பல் கிளி கடைசிவரை வாய் திறக்காமல் கூட்டத்தை ஏமாற்றியது' என்று ஒரு வரி. அதை எழுதுமுன் பக்கத்தில் நின்ற தன்னார்வலரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வீட்டில் ஓயாமல் பேசும் சாம்பல் கிளிகூடப் புது இடத்தில், கூட்டத்தின் நடுவே, பெரும்பாலும் பேசாது. இறகுகளை உடம்போடு ஒட்டி, கழுத்தை நீட்டி அசையாமல் நிற்கும். அது பயம். நீங்கள் அச்சிட்ட படத்திலேயே அது தெரிகிறது. கிளியைப் பேசவைத்துக் காட்ட நாங்கள் வருவதில்லை. 40, 50 ஆண்டுகள் வாழக்கூடிய பறவை ஏன் வீடு வீடாகக் கைமாறுகிறது, பருவம் வந்ததும் ஏன் கடிக்கிறது, காலையிலும் மாலையிலும் ஏன் அப்படிக் கத்துகிறது என்பதையெல்லாம் கிளி வாங்க நினைப்பவர்களிடம் சொல்லத்தான் வருகிறோம்.

முன்பு உங்கள் இணைப்பிதழில் வீட்டுக்கு அழகு சேர்க்கும் பறவைகள் என்று ஒரு கட்டுரை வந்தது. காட்டில் பிடித்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளை நாடு விட்டு நாடு விற்பதற்கு 2017 முதல் சர்வதேசத் தடை இருப்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இன்னொரு முறை, குழந்தையின் தோளில் பஞ்சவர்ணக் கிளி. தோளில் இருக்கும் கிளியின் அலகு கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடிக்கும் முன் அதன் கண்பாவை சட்சட்டென்று சுருங்கி விரியும். தோளைக் கொடுத்தவருக்கு அது தெரியவே தெரியாது. அதே பக்கத்தில் கொண்டைக் கிளிக்கு ஒரு சிறுமி முத்தம் கொடுக்கும் படமும் இருந்தது. நம் எச்சிலில் உள்ள பாக்டீரியா கிளிக்கு ஆகாது. காய்ந்த எச்சத்தின் தூசியிலிருந்து கிளிக்காய்ச்சல் நம் நுரையீரலுக்கு வரும். அதனால்தான் புதிதாக மீட்ட பறவையைக் குறைந்தது 30 நாள் தனியே வைத்து, மருத்துவர் பார்த்த பிறகும் உடனே வெளியே கொண்டுவருவதில்லை.

படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் முதலில் கேட்பது, 'கையில் கொடுங்கள்' என்பதுதான். மறுத்தால் எங்கள் மேல் கோபம். பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. குழந்தை ஆசையாக இறுக்கிப் பிடித்தாலே மூச்சு நின்றுபோகும்.

ஒரு கிளிக்கு இரண்டு பேர் நிற்கிறோம். ஒருவர் கிளியை மட்டும் பார்ப்பார், மற்றவர் கூட்டத்திடம் பேசுவார். கிளி உட்காரும் தாங்குகம்பு சுவரை ஒட்டி இருக்கவேண்டும்; முதுகுப்பக்கம் ஆள் வந்தால் கிளி மிரண்டு பறக்கும். சிறகு வெட்டிய கிளியையும் காற்று தூக்கிக்கொண்டு போகும் என்பதால், மார்பில் பட்டை மாட்டப் பழகாத பறவை கூண்டைவிட்டு வெளியே வராது. காலில் சங்கிலி போடுவதில்லை, மிரண்டு பாய்ந்தால் கால் ஒடியும். ஒலிபெருக்கிக்கும் அடுப்புக்கும் தள்ளி இடம் கேட்கிறோம்: அளவுக்கு மீறிச் சூடான நான்ஸ்டிக் பாத்திரத்தின் புகை கிளியைக் கொன்றுவிடும். 20 நிமிடம் ஆனதும், மூன்று பக்கம் துணி மூடிய கூண்டில் ஓய்வு. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, எச்சம் தண்ணீராகப் போனாலோ அன்றைக்கு அதோடு முடிந்தது. மறுநாள் காலை கிராம் தராசில் எடை பார்க்கிறோம். இத்தனைக்கும் நடுவில் உங்கள் புகைப்படக்காரர் ஒரு முழம் தூரத்தில் நின்று ஃப்ளாஷ் அடித்தார். வேண்டாம் என்று சொன்ன பிறகும் அடித்தார்.

திருத்தம் போடுங்கள் என்று கேட்கவில்லை. அடுத்த நிகழ்ச்சி அறிவிப்பில் 'கிளிகளைத் தொடவோ, தீனி கொடுக்கவோ வேண்டாம்' என்று ஒரு வரி சேருங்கள். புகைப்படக்காரரைக் கூட்டம் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே அனுப்புங்கள். ஃப்ளாஷ் தேவைப்படாத வெளிச்சத்தில் கிளியை வைத்திருப்போம்.

இப்படிக்கு,
கிளி மீட்புத் தன்னார்வலர் ஒருவர்