கரையோரத் தண்ணீரைப் பார்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. ஓய்வு பெற்ற கையோடு ஏரியைக் கண்காணிக்கும் குழுவில் சேர்ந்துவிட்டாயாமே! உன்னால் சும்மா இருக்க முடியாதென்று எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் நலம். எனக்குத்தான் ஒரு கண்ணில் புரை, அடுத்த மாதம் எடுக்கிறார்கள்.

நீ அனுப்பிய ஏரித் தண்ணீர்ச் சோதனைத் தாளை நிதானமாகப் பார்த்தேன். மதியம் அளந்ததில் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 9-ஐத் தாண்டியிருக்கிறது, ஆக்ஸிஜன் செறிவு நூறு சதவீதத்துக்கு மேல். பக்கத்தில் யாரோ ‘மிக நன்று’ என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்ததும்தான் சந்தேகம் வந்தது. பாசி மண்டிய ஏரியில் பகல் வெயிலில் ஒளிச்சேர்க்கை தீவிரமாக நடக்கும். கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சப்பட்டுப் பிஎச் ஏறும், ஆக்ஸிஜன் பெருகும். அதே ஏரியில் விடியும் முன் அளந்துபார், ஆக்ஸிஜன் சரிந்திருக்கும். மீன் செத்து மிதப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்துக் கதைதான்.

இன்னொன்று, மாதிரிகள் எல்லாமே நடு ஏரியில் படகிலிருந்து எடுத்தவை. நடு ஏரியில் யாரப்பா குளிக்கிறார்கள்? குழந்தைகள் இறங்குவது கரையோரத்தில், முழங்கால் ஆழத்தில். மைக்ரோசிஸ்டிஸ் மாதிரியான நீலப்பச்சைப் பாசிகளின் செல்லுக்குள் நுண்ணிய வாயுப் பைகள் உண்டு. அலையில்லாத இரவில் மேலே மிதந்து வந்து, காலையில் இளங்காற்று தள்ளும் கரையில் போய் ஒதுங்கும். நடுவே தண்ணீர் தெளிவாக இருக்கும்போதே அந்தக் கரையில் பச்சை பெயிண்டைக் கொட்டிவிட்டாற்போல் படிந்திருக்கும். காற்று மாறினால் எதிர்க்கரைக்குப் போய்விடும். ஆகவே படகில் எடுக்கும் மாதிரி ஒரு பக்கம் இருக்கட்டும், குளிக்கும் இடத்தில் காலையிலேயே தனியாக ஒன்று எடுங்கள். காற்றின் திசையையும் நேரத்தையும் சீட்டில் குறிக்க மறக்காதீர்கள். நச்சுச் சோதனைக்குக் கண்ணாடிப் புட்டிதான் நல்லது, சில பிளாஸ்டிக்குகளில் மைக்ரோசிஸ்டின் (இந்தப் பாசிகள் உண்டாக்கும் நச்சு) ஒட்டிக்கொள்ளும்.

எந்த அளவை எல்லையாகக் கொள்வது என்று கேட்டிருந்தாய். குளிக்கும் நீரில் மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு 8 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (2019). உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது 24. இரண்டுமே, விளையாடும் குழந்தை விழுங்கும் தண்ணீரை வைத்துப் போட்ட கணக்குதான். உடல் எவ்வளவு நச்சைத் தாங்கும் என்ற அனுமானத்தில்தான் பெரிய வேறுபாடு. உங்கள் ஏரிக்குச் சட்டப்படியான எல்லை இருந்தால் அதுவே முதல். இல்லையென்றால் நான் 8-ஐத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஆனால் ஆய்வக முடிவு வருவதற்குள் நாள் ஓடிவிடும். கரையில் படலம் தெரிந்தாலே அறிவிப்புப் பலகையை வைத்துவிடுங்கள். சந்தேகமிருந்தால் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். முடிக்கற்றை மாதிரி சுற்றிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் சாதாரண இழைப்பாசி. குச்சியில் சாயமாகப் பூசிக்கொண்டால் உஷார். நாயை அவிழ்த்துவிடுகிறவர்களிடம் கூடுதலாகச் சொல்லுங்கள். நனைந்த ரோமத்தை நக்கியே நாய்கள் செத்திருக்கின்றன. ஈ. கோலை பாக்டீரியா சோதனையில் தண்ணீர் தேறிவிட்டதே என்று யாராவது வாதாடினால், அந்தச் சோதனை மலக்கழிவு கலந்ததா என்பதை மட்டும் சொல்லும், பாசி நச்சைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மயில்துத்தம் போட்டு ஒரே நாளில் பாசியை ஒழிக்கலாம் என்று உங்கள் செயலாளர் சொல்கிறாராமே, அவசரப்பட வேண்டாம். செத்த செல்கள் உடைந்து, உள்ளே இருந்த நச்சு தண்ணீரில்தான் கலக்கும். பிரச்சினையின் வேர், பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸில் இருக்கிறது. 1973-ல் கனடாவில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஓர் ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் கலந்து, ஒன்றில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பாதிதான் பச்சையாகப் பொங்கியது. நைட்ரஜனையும் சேர்த்துக் குறைக்க வேண்டுமா என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை, ஆனால் பாஸ்பரஸை விட்டுவிடலாம் என்று யாரும் சொல்வதில்லை. வெளியிலிருந்து பாஸ்பரஸ் வருவதை நிறுத்தினாலும் அடிச்சேற்றில் சேர்ந்தது பல வருஷம் கசியும், அதையும் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவை.

அடுத்த பெருமழைக்குப் பிறகு, ஏரிக்குள் தண்ணீர் வரும் வாய்க்கால்கள் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மாதிரி எடுத்து மொத்த பாஸ்பரஸ் பார்க்கச் சொல். எண்கள் வந்ததும் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
சேது