கேள்வி ஞானத்துக்குத் தனித்தாள் வேண்டும்

பல்கலைக்கழக இசைப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் பாட்டும் வாத்தியமும் சொல்லிக்கொடுப்பவர்கள், தேவாலயப் பாடகர் குழுக்களைப் பயிற்றுவிப்பவர்கள், ஒலிப்பதிவு வேலை பார்ப்பவர்கள் என நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இசைப் பட்டப்படிப்பில் கேட்கும் திறனைத் தனித்தாளாக்குங்கள். ஆறு பருவத்திலும் அது இருக்கட்டும். வாரம் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். காது இல்லாமல் எழுத முடியாத தேர்வு ஒன்றையும் வையுங்கள்.

ஏன் என்பதற்கு ஆரபி, தேவகாந்தாரி என்ற இரண்டு ராகங்களே போதும். இரண்டுக்கும் ஏறும்போது ச ரி ம ப த ச, இறங்கும்போது ச நி த ப ம க ரி ச. தாளில் எழுதினால் ஓர் எழுத்துகூட மாறாது. ஆரபியில் காந்தாரமும் நிஷாதமும் தொட்டுக்கொண்டு ஓடிவிடும், நடை துள்ளும். தேவகாந்தாரியில் ரிஷபமும் காந்தாரமும் நீண்டு அசைந்து நிற்கும். விளம்பத்தில், அதாவது மெதுவான நடையில்தான் அதன் முகம் தெரியும். ‘இலட்சணம் தருக’ என்று கேட்டால் இதையும் மனப்பாடமாக எழுதிவிடலாம். இருபது நொடி ஆலாபனையை ஒலிக்கவிட்டுக் கேட்டால்தான் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது வெளிவரும்.

முதல் பருவம் முழுக்கச் சுருதிக்கே போகட்டும். தம்புரா சேர்ப்பதை வேலையாட்கள் செய்யும் சில்லறை வேலைபோல நடத்துவது முதல் தவறு. ஒரு கட்டைச் சுருதியில் சட்ஜம் ஏறக்குறைய 130.8 ஹெர்ட்ஸ். கைப்பேசிச் செயலியின் முள் நடுவில் நிற்கும்வரை பஞ்சமத்தைத் திருகினால் 196.0 வரும், சுத்தப் பஞ்சமமோ 196.2. சின்ன வித்தியாசம்தான். ஆனால் சட்ஜத்தின் மூன்றாம் மேற்சுரமும் (அடியொலியின் மும்மடங்கு அதிர்வு) பஞ்சமத்தின் இரண்டாம் மேற்சுரமும் (இருமடங்கு) உரசி, இரண்டேகால் நொடிக்கு ஒரு முறை ஒலி மெல்ல வீங்கி வடியும். அந்த அலையைக் கேட்டு, அது நீண்டு நீண்டு மறையும்வரை சேர்க்கச் சொல்லுங்கள். முள்ளைப் பார்த்துச் சேர்ப்பவருக்கு அந்த அலை காதில் விழாது. குதிரைமேல் கம்பிக்கடியில் செருகும் ஜீவா நூல் ஒரு மயிரிழை நகர்ந்தாலே கம்பி ஊமையாகிவிடும். அதை நகர்த்தி நாதம் திறக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்கே இரண்டு வகுப்பு தேவை. சேர்ந்த தம்புராவில் மந்தர சட்ஜத்துக்குள்ளிருந்து அந்தர காந்தாரம் தானாக எழும். அது கேட்காதவரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம்.

கைப்பேசிச் சுருதி பற்றியும் ஒரு சொல். அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் மெலிந்துவிடும். மந்தர சட்ஜம் ஒலிப்பதாக நாம் நினைப்பது மேற்சுரங்களை வைத்து மூளை கட்டிக்கொள்ளும் சட்ஜம். வீட்டுப் பயிற்சிக்குப் பரவாயில்லை, வகுப்பறைக்குக் கூடாது.

அடுத்தது கேட்டு எழுதுதல். பாடத்திட்டங்களில் இது ‘சுரப்படுத்துதல்’ என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. முப்பது நொடிக்கு மேல் ஒரு துண்டைக் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு முறை பேனாவைத் தொடவே விடக்கூடாது. மூன்றாம் முறை ஆதார சட்ஜத்தை முனகிப் பிடிக்க வேண்டும். நான்காம் முறை தாளம் போட வேண்டும். பிறகு பிடியை (ராகத்தைக் காட்டிக்கொடுக்கும் சுரத்தொடரை) பாடிக்காட்ட வேண்டும். பாட வராததை எழுத அனுமதிக்காதீர்கள். எழுதியபின் அடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாக்கிச் சரிபார்க்கலாம். பெரும்பாலானோர் சறுக்குவது, பாதி வேகத்தில் தொடங்குவதால். வேகம் குறைந்தால் கமகம் (சுரத்தின் அசைவு) தனித்தனிச் சுரங்களாக உடைந்து காதில் விழும். பாடகர் பாடாத சுரங்களெல்லாம் தாளில் ஏறிவிடும்.

சுருதியை வரைபடமாக்கிக் காட்டும் பிராட், சோனிக் விஷுவலைசர் ஆகிய இரண்டும் இலவச மென்பொருள்கள்தாம். தோடியின் காந்தாரத்தை அவற்றில் வரைந்து பார்த்தால் நிலையான கோடே இருக்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊஞ்சல்தான் ஆடும். சங்கராபரணக் காந்தாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால் நூறு வார்த்தை மிச்சம். ஆனால் தவிலும் ஒத்தும் (ஒரே சுரத்தை விடாமல் ஊதும் சுருதிக் குழல்) சேர்ந்த நாதஸ்வரப் பதிவைக் கொடுத்தால் மென்பொருள் ஒத்தைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்லும், சில இடங்களில் ஒரு ஸ்தாயி தாவும். வரைபடத்துக்கும் காதுக்கும் சண்டை வந்தால் முதலில் காதை நம்பி, பிறகு காரணம் தேடச் சொல்லுங்கள்.

லயத்தில் அதிகம் சொல்லப் போவதில்லை. அங்கே நம் மரபில் கணக்கு தெளிவாகவே இருக்கிறது. ஒரு சோதனை மட்டும். ஆதி தாளம், சதுசிர நடை (ஓர் எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை), ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. ‘ததிங்கிணதொம்’ மூன்று முறை, 15 மாத்திரை, முடிந்து அடுத்த ஆவர்த்தனம் தொடங்கும் சமத்தில் விழ வேண்டும். அப்படியானால் 17 மாத்திரை கழித்து, அதாவது முதல் திருதத்தின் (ஐந்தாம் எண்ணிக்கையின்) தட்டு விழுந்து ஒரு மாத்திரை தள்ளி எடுக்க வேண்டும். இதைத் தாளில் போட்டுக் காட்டுவார்கள். மிருதங்கக்காரர் வாசிக்கையில், அவர் எந்த மாத்திரையில் எடுத்தார் என்று விரலை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள், அதுதான் தேர்வு.

இனி எங்கள் ஊருக்கு வருகிறோம். ஒரே நாளில் கோயில் நாதஸ்வரமும் நான்கு குரல் தேவாலயப் பாட்டும் செண்டை மேளமும் வில்லுப்பாட்டும் காதில் விழக்கூடிய மாவட்டம் இது. இவ்வளவு இருந்தும் பாடத்தில் இவை வெறும் பெயர்களாக, ‘குறிப்பு வரைக’ பகுதியில் கிடக்கின்றன.

பாடகர் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்தாயியை 1200 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட் (எங்களூரில் மனை விலை பேசும் சென்ட் அல்ல). கீபோர்டின் மேஜர் மூன்றாம் சுரம் 400 சென்டில் இருக்கிறது. சுத்தமாகச் சேர்வது 386. தம்புராவுக்குள் கேட்ட காந்தாரம்தான் அது. கீபோர்டை நிறுத்திவிட்டுச் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் நால்வரையும் ஒரு சரணம் பாடவிட்டால், நல்ல காதுள்ளவர்கள் அந்தச் சுரத்தைத் தாமாகவே இறக்குவார்கள், ஒலி பூட்டிக்கொள்ளும். அங்கேயே ஒரு சிக்கலும் உண்டு. ஒன்று, ஆறு, இரண்டு, ஐந்து, மறுபடி ஒன்று என்று கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்) போகும் இடத்தில் ஒவ்வோர் இடைவெளியையும் சுத்தமாகவே பாடினால், ஒரு சுற்றுக்குச் சுமார் 21.5 சென்ட் சுருதி இறங்கும். நான்கு சுற்றில் 86, அரைச் சுரத்துக்குப் பக்கம். சரணம் முடிந்ததும் 440 இசைக்கவையைத் தட்டி எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்று பார்க்கட்டும். சோம்பலால் இறங்கியதா, இந்தக் கணக்கால் இறங்கியதா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரே அடுத்த நாள் குழுவைத் திருத்த முடியும்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் இசைத்தூண்கள் எல்லா வினாத்தாளிலும் வருகின்றன. ஒரே கல்லில் செதுக்கிய சிறுதூண் கொத்துகள் என்று எழுதினால் மதிப்பெண். எந்தத் தூண் எந்தச் சுரம் என்பதில் இருவர் ஒத்துப்போவது ஏன் அரிது என்று யாரும் கேட்பதில்லை. கம்பியின் மேற்சுரங்கள் 1, 2, 3 என்று முழு எண் மடங்கில் ஏறும். இரு முனையும் இறுகிய கல்தண்டு கம்பியைப் போல நடக்காது, 1, 2.76, 5.4 என்ற மாதிரிதான் ஏறும். ஒருவர் காது அடியொலியைப் பிடிக்கும், இன்னொருவர் காது இரண்டாவதைப் பிடிக்கும். இருவரும் வேறு வேறு சுரம் சொல்வார்கள். தூணைத் தட்டத் தேவையில்லை, தட்டவும் கூடாது. ஓர் இரும்புக் குழாய்த் துண்டையும் வீணைக் கம்பியையும் வகுப்பில் வைத்தே இதைக் காட்டிவிடலாம்.

பத்மநாபபுரம் அரண்மனையின் நவராத்திரி மண்டபத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். கல் தூணும் கண்ணாடி போன்ற தரையும் உள்ள அந்த இடத்தில் பேச்சு எப்படிக் கலங்குகிறது, நீண்ட கார்வை எப்படி மலர்கிறது என்பதைக் கேட்டபின், அதே இடத்தில் துரித காலச் சுரம் பாடினால் என்ன ஆகும் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

வில்லுப்பாட்டு தனியாக நான்கு வாரத்துக்குத் தகும். வீசுகோல் நாணில் விழும் அடி, வில்லில் கட்டிய மணி, குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை, அதற்கு மேல் புலவரும் (தலைமைப் பாடகர்) எதிர்ப்பாட்டுக்காரரும். ஐந்து நிமிடப் பதிவை ஐந்து முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே கருவியை மட்டும் பின்தொடர வேண்டும். உடுக்கையில் இடைக்கயிற்றை அமுக்கும்போது சுருதி ஏறுவதைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். குடத்தின் அடி வீசுகோலோடு ஒட்டி விழுகிறதா, சற்றுப் பிந்துகிறதா? அடுத்து, இரவு முழுக்க எடுத்த பதிவில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை காலப்பிரமாணத்தை அளந்து வரைந்தால், சாமி வரும் கட்டத்தை நோக்கி வேகம் எங்கே, எந்தக் கருவியால் ஏற்றப்படுகிறது என்பது கையோடு தெரியும். பாடகர்தான் ஏற்றுகிறார் என்று எல்லாரும் நினைப்பார்கள். அளந்து பார்க்கட்டும்.

ஒலிப்பதிவைத் தீர்ப்புச் சொல்லும் காதும் வேண்டும். 125, 250, 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் பட்டைகளில் ஒன்றை 12 டெசிபல் ஏற்றிவிட்டு எது என்று கேளுங்கள். வாரம் இருமுறை, பதினைந்தே நிமிடம். தேறியபின் 6, பிறகு 3. இரண்டு பதிவை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் அரை டெசிபலுக்குள் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் உரக்க ஒலிப்பதே ‘நல்லதாக’த் தோன்றும் என்பது பழைய ஏமாற்று. 128 கிலோபிட் எம்பி3 எங்கே கெடுகிறது என்று பார்க்க ஜால்ராவைவிட நல்ல சோதனைப் பொருள் இல்லை: அடிக்குச் சற்று முன்பே ஒரு சலசலப்பு கசியும். வித்தியாசம் தெரிகிறது என்பவர் கண்ணால் பார்க்காமல் 16 முறையில் 12 முறையாவது சரியாகச் சொல்லட்டும். குருட்டாம்போக்கில் அதை எட்டும் வாய்ப்பு நூற்றுக்கு நாலுக்கும் குறைவு.

இதற்கு ஓர் அறை வேண்டும். எதிரெதிரே வெறுஞ்சுவர் நிற்கும் கான்கிரீட் வகுப்பறையில் கை தட்டினால் ‘டர்ர்’ என்று ஓடும். முட்டை அட்டை ஒட்டிப் பணத்தை வீணாக்காதீர்கள். அது கொஞ்சம் கீச்சொலியைக் குறைக்கும், முழக்கம் அப்படியே இருக்கும். சுவரிலிருந்து இடைவெளி விட்டு 10 செ.மீ. கனப் பாறைப்பஞ்சுப் (ராக்வூல்) பலகைகள் ஆறேழு, புத்தக அலமாரி ஒன்று, காது உயரத்தில் முக்கோணமாக வைத்த இரண்டு நல்ல ஒலிபெருக்கிகள் போதும். இரு பருவமழையும் பெய்யும் ஊர் என்பதால் மிருதங்கத் தோல் தளரும். அறைக்கு ஈரப்பதமானியும் ஒன்று வாங்குங்கள்.

காதைக் காப்பதும் பாடத்தில் வர வேண்டும். பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். செண்டை மேளத்துக்கு நடுவே நிற்பவர் காதடைப்பான் போடுவதில் கேவலம் ஒன்றுமில்லை.

தேர்வு எப்படி? ஒரு மணி நேரம், எட்டுத் துண்டுகள், ஒவ்வொன்றும் மூன்று முறை ஒலிக்கும். ஊரறிந்த கீர்த்தனைகளை வைக்கவே கூடாது; பாட்டை அடையாளம் கண்டு ராகத்தைச் சொல்லிவிடுவார்கள், காதுக்கு வேலையிருக்காது. ஒவ்வொரு தேர்வுக்கும் ஆலாபனையையும் சுரத்தையும் புதிதாகப் பதிவு செய்யுங்கள். ராகப் பெயருக்கு 2 மதிப்பெண், எந்த நொடியில் எந்தப் பிடியால் தெரிந்தது என்பதற்கு 6. பெயர் தவறி, காரணம் கூர்மையாக இருந்தால் அந்த ஆறில் நாலு கொடுக்கத் தயங்காதீர்கள். திருத்துபவரும் அதே துண்டுகளை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். இதற்குத்தான் எதிர்ப்பு வரும் என்று தெரிந்தே கேட்கிறோம்.

பங்குனி, சித்திரையில் கோயில் கொடை விழாக்கள் தொடங்கிவிடும். வில்லுப்பாட்டுப் பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல், குழாய் ஒலிபெருக்கியிலிருந்து விலகி வில்லுக்கு அருகே எடுக்க வேண்டும். கோயில் கமிட்டியிடமும் புலவரிடமும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பதிவுக் கருவி எங்களிடம் இருக்கிறது. மாணவர்களை இரவு அனுப்பப் பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் மட்டும் மாசி முடிவதற்குள் கிடைத்தால், முதல் தேர்வுக்கான துண்டுகளை இந்த ஆண்டே சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
குமரி மாவட்ட இசையாசிரியர்கள், பாடகர்குழுப் பயிற்றுநர்கள், ஒலிப்பதிவாளர்கள் சிலர்
நாகர்கோவில்