ஷாமன்கள் ஏமாற்றுக்காரர்களா?

ஆசிரியருக்கு வணக்கம். ஆதிகால ஷாமன்களை, அதாவது ஆவிகளோடு பேசி நோய் தீர்ப்பவர்கள் என்று மக்கள் நம்பிய பூசாரிகளை, ‘ஊரை ஏமாற்றிப் பிழைத்தவர்கள்’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இஸ்ரேலின் கலிலேயா பகுதியில், ஹிலாசோன் தக்தித் குகையில் கிடைத்த புதைகுழியைப் பாருங்கள். சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண். வயது ஏறத்தாழ 45. இடுப்பும் முதுகெலும்பும் கோணியதால் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்திருப்பார். அவரோடு 50-க்கும் மேற்பட்ட ஆமை ஓடுகள், கழுகின் இறக்கை எலும்பு, சிறுத்தையின் இடுப்பெலும்பு, ஏன், வேறொருவரின் பாதம்கூட வைத்திருக்கிறார்கள். அவ்வளவு ஆமைகளைப் பிடித்துவர எத்தனை பேர் காடுமேடாக அலைந்திருக்க வேண்டும்! அவர் ஷாமனாக இருந்திருக்க வேண்டும் என்பது அகழாய்வாளர்களின் கருத்து. நோய்க்கும் சாவுக்கும் காரணம் தெரியாத காலத்தில், பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொன்னவருக்கு அந்தச் சனங்கள் மனமாரச் செய்த மரியாதை இது என்றே நினைக்கிறேன்.

வாசகர், திண்டுக்கல்.