'ஷோ' என்றால் 'காட்டு' மட்டுமா?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மொழிபெயர்ப்பு பாதியைத் தாண்டிவிட்டதில் மகிழ்ச்சி. ஆங்கிலத்தில் 'ஷோ' (show) வரும் இடமெல்லாம் தமிழில் 'காட்டு' என்று போட்டுக்கொண்டே போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டிருக்கிறாய். பாதி இடங்களில் ஒன்றும் கெடாது. மீதிப் பாதியில் வாசகர் தடுக்கி விழுவார். உன் மகளின் ஆங்கிலக் கட்டுரையையும் படித்தேன். அவள் தடுமாறுவதும் இதே சொல்லில்தான், எதிர்த்திசையிலிருந்து.

முதலில் பிறப்பைப் பார். உண் என்பதிலிருந்து ஊட்டு, பூண் என்பதிலிருந்து பூட்டு வந்ததுபோல, காண் என்பதிலிருந்து வந்தது காட்டு. காணச் செய்வதுதான் காட்டுவது. ஆங்கிலச் சொல்லுக்கும் வேர் பார்வைதான். பழைய ஆங்கிலத்தில் 'ஷேஅவியன்' என்றால் 'பார்'. ஏறக்குறைய 1200-ஐ ஒட்டித்தான் அது 'பார்க்கச் செய்' என்று திரும்பியது. அதன் ஜெர்மன் தாயாதியான 'ஷவன்' இன்றைக்கும் 'பார்' என்ற பொருளிலேயே நிற்கிறது. நாம் சொல்லின் உருவத்தை மாற்றிப் பொருளை மாற்றினோம். ஆங்கிலத்தில் அதே சொல்லே பொருள் மாறி உட்கார்ந்துவிட்டது.

'ஷோ' பிறர் கண்ணில் படுவதையும் குறிக்கும் என்பதை மறந்தால் மொழிபெயர்ப்பு சறுக்கும். 'தி ஸ்டெயின் டஸன்ட் ஷோ' என்பதைக் 'கறை காட்டவில்லை' என்று எழுத முடியாது, கறை தெரியவில்லை. 'ஷீ இஸ் டயர்ட் அண்ட் இட் ஷோஸ்' என்றால், களைத்திருக்கிறாள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வினைக்குப் பின்னால் செயப்படுபொருள் இல்லையென்றால், முதலில் 'தெரி' என்று போட்டுப் பார். பெரும்பாலும் பொருந்தும். திரைப்படம் மட்டும் விலக்கு, அது 'ஓடுகிறது'.

உயிரற்ற எழுவாய் வந்தால் காதால் தீர்மானிக்க வேண்டியதுதான். கடிகாரம் பத்து மணி காட்டும், வரைபடம் வழி காட்டும், இவற்றில் தவறில்லை. ஆனால் 'ஆய்வு காட்டுகிறது' என்பது எனக்கு உறுத்துகிறது. செய்தித்தாள்களால் பழகிப்போனது, அவ்வளவே. 'ஆய்விலிருந்து தெரியவருகிறது' என்று எழுது. கூடவே சொல்லின் பலத்தையும் அளந்துகொள். 'சஜஸ்ட்' என்றால் அப்படி இருக்கலாம் என்று தோன்றுகிறது. 'இண்டிகேட்' அதைவிட ஒரு படி மேல். 'ஷோ' ஐயம் குறைந்த கூற்று. 'ப்ரூவ்' என்றால் மறுக்க இடமில்லை. நான்கையும் 'நிரூபிக்கிறது' என்று ஒரே தட்டில் போட்டால், ஆய்வாளர் சொல்லாததை அவர் வாயில் திணித்தவன் ஆவாய். கணக்குத் தாளில் வரும் 'ஷோ தட்' வேறு ரகம். அங்கே விடை முன்பே கொடுக்கப்பட்டிருக்கும், மதிப்பெண் படிகளுக்குத்தான். 'எனக் காட்டுக' என்ற நம் பாடநூல் வழக்கு அதற்குக் கச்சிதம்.

இனி மகள் விஷயம். 'ஷோ டு மீ தி மேப்' என்று எழுதியிருக்கிறாள். 'எனக்குக் காட்டு' என்பதிலுள்ள 'கு' உருபு 'டு' ஆகி உள்ளே நுழைந்துவிட்டது. ஆள் முதலில் வந்தால் 'டு' கிடையாது: 'ஷோ மீ தி மேப்'. பொருள் முதலில் வந்தால்தான் 'டு': 'ஷோ தி மேப் டு மீ'. பொருள் 'இட்' என்ற ஒற்றைச் சொல்லானால் இரண்டாவது வரிசையே இயல்பு: 'ஷோ இட் டு மீ'. இதைக் கற்றுக்கொண்ட கையோடு பிள்ளைகள் 'எக்ஸ்பிளெயின் மீ' என்று எழுதத் தொடங்குவார்கள், கவனி. 'எக்ஸ்பிளெயின்', 'டெமான்ஸ்ட்ரேட்' இரண்டும் ஆளுக்கு முன்னால் 'டு' இல்லாமல் நகராது.

அந்த 'டு' எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு இதைச் சொல்லிக் கொடு. 'ஷோ ஹிம் டு தி டோர்' என்றால் வாசல்வரை கூடப் போய் வழியனுப்புவது. 'ஷோ ஹிம் தி டோர்' என்றால் வெளியே போ என்று விரட்டுவது. விருந்தாளிக்கு மாற்றிச் சொன்னால் அத்தோடு உறவு முறிந்தது!

அவளிடம் இன்னொரு பழக்கம், 'தி கிராஃப் இஸ் ஷோயிங் தட்' என்று தொடர்நிகழ்காலம் போடுவது. நம் 'காட்டுகிறது' ஆங்கிலத்தின் 'ஷோஸ்', 'இஸ் ஷோயிங்' இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் வரும் குழப்பம். படமோ அட்டவணையோ சொல்லும் உண்மைக்கு 'ஷோஸ்' போதும். இறந்தகாலம் 'ஷோடு', 'ஹேவ்', 'வாஸ்' போன்றவற்றோடு 'ஷோன்'. 'ஹேவ் ஷோடு' என்று எழுதுவோரும் உண்டு, ஆனால் செயப்பாட்டுவினையில் 'ஷோன்' தவிர வேறெதையும் தொடவேண்டாம். மின்னுவதைச் சொல்லும் 'ஷைன்' என்பதன் இறந்தகாலத்தை அமெரிக்கர்கள் இதே ஒலியில்தான் உச்சரிப்பார்கள். பிரிட்டனில் அது 'ஷான்'.

மரபுத்தொடர்களில்தான் உனக்கு வேடிக்கை காத்திருக்கிறது. 'ஷோ ஆஃப்' என்பதற்கு அகராதி 'பகட்டு' என்று சொல்லும். உரையாடலில் 'படம் காட்டாதே' என்று போடு, உயிர் வரும். (பேச்சில் 'ஷோ காட்டாதே' என்றே சொல்கிறோம், காட்டலையே காட்டுகிற கூத்து.) 'ஷோ அப்' தனியாக வந்தால் 'வந்து சேர்', ஆளைச் செயப்படுபொருளாகக் கொண்டால் 'மானத்தை வாங்கு'. 'ஷோ யுவர் ஃபேஸ்' என்பது தலைகாட்டுவது, இங்கே இரு மொழியும் கைகோக்கின்றன. 'ஷோ யுவர் டீத்' என்பதில் ஏமாறாதே. நம்மிடம் பல்லைக் காட்டுவது கெஞ்சிக் குழைவது, அவர்களிடம் மிரட்டுவது. அப்படியே பெயர்த்தால் வில்லன் பிச்சைக்காரன் ஆகிவிடுவான். 'சீறினான்' என்று எழுது.

நீ அடிக்கோடிட்டு அனுப்பிய வரி: 'ஹிஸ் ஹேண்ட்ஸ் பிட்ரேட் ஹிம்'. அவன் பயத்தை மறைக்கப் பார்க்கிறான், கை நடுங்குகிறது. 'துரோகம் செய்தன' என்று போட்டிருக்கிறாய். அங்கே 'ஷோ' இல்லாவிட்டாலும் 'காட்டு'தான் வேண்டும்: கைகள் அவனைக் காட்டிக்கொடுத்தன. துரோகம், தன்னையறியாமல் வெளிப்படுதல் என்ற இரண்டு பொருளும் 'பிட்ரே'யில் இருக்கிறது, நம் காட்டிக்கொடுத்தலிலும் இருக்கிறது. இரண்டு வரி தள்ளி வரும் 'ஹி டிட் நாட் ஷோ இட்' என்பதைக் 'காட்டிக்கொள்ளவில்லை' என்று வை. கொடுத்தலும் கொள்ளலும் அடுத்தடுத்து நிற்கட்டும்.

அடுத்த அத்தியாயத்தை மூலத்தோடு சேர்த்து அனுப்பு. 'காட்டு' என்று எழுதிய இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வை, தேடும் வேலை மிச்சம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்