நெடுந்தீவு இலக்கிய விழா: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்பான ஊரவர்களுக்கும், கடல் தாண்டி வந்த விருந்தினர்களுக்கும், தூரத்தில் இருந்தபடி துணைநின்ற உறவுகளுக்கும் வணக்கம்.

பங்குனி மாதக் கடைசிச் சனியும் ஞாயிறும், யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் இருக்கும் எங்கள் தீவில் நடந்த இலக்கிய விழா நல்லபடியாக நிறைவேறியது. கொட்டகையைப் பிரித்தாயிற்று. வாடகைக் கதிரைகளும் படகேறிப் போய்விட்டன. ஞாயிறு பின்னேரம் மேடையில் நன்றியுரை என்று ஒன்று இருந்தது. ஆனால் கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டதால் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. சொல்ல வேண்டியவற்றில் பெரும்பகுதி சொல்லாமலே நின்றுவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நூல் வெளியீட்டுக்குப் போய்வருவது என்றால் எங்களுக்கு என்ன பாடு என்பது தீவாருக்குத்தான் தெரியும். விடிய எழும்பி மாவலித்துறையில் படகு பிடித்து, ஒரு மணித்தியாலமளவு கடலில் இருந்து, குறிகாட்டுவானில் இறங்கி, 776 பஸ்ஸில் புங்குடுதீவையும் வேலணையையும் தாண்டி நகரத்துக்குப் போக அரைநாள் கழிந்துவிடும். பின்னேரக் கூட்டம் என்றால் அன்றிரவு வீடு திரும்ப வழியில்லை. யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டும். அதனால் எங்கள் ஊரில் நன்றாக வாசிக்கிற பலர், குறிப்பாகப் பெண்கள், தாங்கள் விரும்பி வாசித்த ஒரு எழுத்தாளரையும் நேரில் கண்டதில்லை. இந்த முறை எழுத்தாளர்கள் அதே பஸ்ஸில் ஏறி, அதே படகில் நனைந்து எங்களிடம் வந்தார்கள். 4,000 பேரளவில் வாழும் ஒரு தீவுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முதல் நன்றி கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு. நாள் குறிக்கவே அவர்களைத்தான் கேட்டோம். மாரியில் வாடைக்காற்று, வைகாசியோடு சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று. இடையில் கடல் அடங்கியிருக்கும் நாட்கள் கொஞ்சம்தான். அதிலும் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வந்தால் ஊர்ப் படகெல்லாம் அந்தப் பக்கம். "திருவிழா முடியட்டும், பிறகு வையுங்கோ, படகும் இருக்கும், ஆளும் இருக்கும்" என்று அவர்கள் சொன்னபடியே வைத்தோம். அப்படியிருந்தும் சனிக்கிழமை காலை காற்று எழும்பிவிட்டது. பயணிகள் படகில் இடம் போதாமல் விருந்தினர்களில் ஒரு பகுதியினர் குறிகாட்டுவானில் நின்றுவிட்டார்கள். செய்தி வந்தவுடன், தொழிலுக்குப் போக ஆயத்தமாக நின்ற இரண்டு படகுகள் வலையை இறக்கி வைத்துவிட்டு அவர்களை ஏற்றிவரப் போயின. ஒருநாள் தொழிலை விடுவது என்றால் என்ன என்று அந்த வீடுகளுக்குத் தெரியும். எண்ணெய்க் காசு தவிர ஒரு சதமும் அவர்கள் வாங்கவில்லை. வந்து இறங்கிய கவிஞர் ஒருவர் உடுப்பெல்லாம் நனைந்து நின்றபோது, படகோட்டி அண்ணை தன்னுடைய மாற்றுச் சாரத்தை எடுத்துக் கொடுத்தார். கவிஞர் அதோடுதான் முதல் அமர்வில் இருந்தார்.

புத்தகங்கள் வந்த கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடல்நீர் தெறித்தால் புத்தகம் போச்சு. மட்டைப் பெட்டியில் ஏற்றினால் கரை சேரும்போது பாதி ஊறியிருக்கும். சங்கத்துப் பெடியள் மீன் ஏற்றுகிற றெஜிபோம் (தெர்மகோல்) பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். தேசிக்காய்த் தோலும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே பழைய பத்திரிகைத் தாள் விரித்து அடுக்கினார்கள். மூடிக்கு மேல் படங்கு போட்டுக் கயிற்றால் இறுக்கினார்கள். யாழ்ப்பாணத்துப் புத்தகக்கடைக்காரர் குறிகாட்டுவானில் அந்தப் பெட்டிகளைப் பார்த்து முகம் சுளித்தது உண்மை. மகா வித்தியாலய மண்டபத்தில் மூடியைத் திறந்தபோது ஒரு தாள்கூட ஈரமில்லை. லேசான மீன் வாசம் இருந்தது, அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஞாயிறு மத்தியானத்துக்குள் சிறுவர் புத்தகப் பெட்டி வெறுமையாகிவிட்டது. அடுத்த முறை அதில் இரண்டு மடங்கு கொண்டுவருவதாக அவரே சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் தண்ணீர். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் என்பது தேடிப் போய் எடுக்கிற பொருள். சாறாப்பிட்டிப் பக்கத்து நன்னீர்க் கிணறுகளில் இருந்து கான்களில் தண்ணீர் நிரப்பி, விருந்தினர் தங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் லாண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில்) கொண்டுபோய் இறக்கினார்கள் இளைஞர்கள். தங்குவிடுதிகள் போதாது என்று தெரிந்தவுடன் அறைகளைத் திறந்துவிட்ட வீட்டுக்காரர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வந்தவர்களுக்குக் குளிக்க நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டுத் தாங்கள் உவர்த் தண்ணீரில் குளித்த வீடுகள் இருக்கின்றன. விருந்தினர்களே, இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மாதர் சங்கத்து அக்காமார் இரண்டு நாளும் அடுப்படியிலேயே நின்றார்கள். சனி இரவு ஒடியல் கூழ் காய்ச்சிய கிடாரத்தைச் சுற்றி நடந்த பேச்சு, மேடையில் நடந்த எந்த உரையாடலுக்கும் குறைந்ததில்லை. நண்டும் இறாலும் திருக்கையும் அன்று காலை பிடித்தவை. பயற்றங்காயும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் போட்டு, புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்த்து, கடைசியாக ஊறவைத்த ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் அடிப்பிடிக்கும். மாறி மாறிக் கிண்டினார்கள். பனையோலையில் பிளா என்கிற குடிக்கும் ஏனம் கோலித் தந்த வயோதிபர்கள் இருவர், மலையகத்திலிருந்து வந்த சிறுகதை எழுத்தாளருக்கு அதைச் சிந்தாமல் எப்படிப் பிடித்துக் குடிப்பது என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார்கள். அவர் மூன்றாம் தடவை வாங்கிக் குடித்ததை அடுப்படியில் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

இனி, ஞாயிறு காலை நடந்தது. வெடியரசன் கோட்டை என்று நாங்கள் சொல்லும் இடத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். அந்தக் கற்குவியல்கள் பழைய பௌத்த தூபிகளின் எச்சம் என்று தொல்லியலாளர்கள் சொல்கிறார்கள். ஊருக்கு அது வெடியரசனின் இடம். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி எடுக்கக் கப்பலேறி வந்த மீகாமனைக் கடலில் மறித்துப் போர் செய்தவன் அவன். எங்களில் பலருக்கு இந்தக் கதை ஆச்சி சொன்ன கதையாகத்தான் தெரியும். மட்டக்களப்பில் இருந்து வந்த ஆசிரியருக்கு அது பாட்டாகத் தெரியும். அங்கே கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்குக் காலத்தில் படிக்கப்படும் கண்ணகி வழக்குரையில் இந்தக் கடற்போர் வருகிறது. அவர் நின்றபடியே அந்தப் பகுதியைப் பாடத் தொடங்கினார். ஒலிபெருக்கி இல்லை. எண்பது வயது தாண்டிய எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொரு பாட்டும் முடிய, "அது இந்தப் பக்கத்தால், அவன் வந்தது அந்தத் துறையால்" என்று கையை நீட்டிக் காட்டினார். பாடுகிறவர் இந்தத் தீவுக்கு முதல் தடவையாக வந்தவர். காட்டுகிறவர் அந்தப் பாட்டை முதல் தடவையாகக் கேட்கிறவர். இரண்டு பேரும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் இது அரைமணி நேரம் என்று இருந்தது. வெயில் ஏறி நிற்க முடியாமல் போகும்வரை நடந்தது. விழா வைத்ததன் பயன் அந்தக் காலையிலேயே கிடைத்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். இரண்டு ஐயாமாருக்கும் கைகூப்பி நன்றி. அதை முழுவதும் ஒலிப்பதிவு செய்து வைத்த மாணவர்களுக்கும் நன்றி. அந்தப் பதிவு பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, கேட்க விரும்புகிறவர்கள் போய்க் கேட்கலாம்.

தனிநாயகம் அடிகளாரைப் பற்றிய அமர்வை நடத்திய ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், அதற்கு மண்டபம் தந்த பங்குத்தந்தைக்கும் நன்றி. அடிகளார் 1913இல் கரம்பொனில் பிறந்தவர் என்றாலும் தந்தைவழியில் நெடுந்தீவார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் முன்நின்ற மனிதரின் வேர் எங்கள் மண்ணில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளில் பலர் அன்றுதான் அறிந்தார்கள். பக்கத்துத் தீவான புங்குடுதீவு தந்த எழுத்தாளர் மு. தளையசிங்கத்தையும் கவிஞர் சு. வில்வரத்தினத்தையும் பற்றிப் பேசிய இளையவர்களும் ஆழமாகப் பேசினார்கள். நேரம்தான் போதவில்லை.

சனி மாலை, கவிதை வாசிப்புக்கு முன்னர், 1985 மே 15 அன்று குமுதினி என்ற பயணிகள் படகில் வெட்டிக் கொல்லப்பட்ட எங்கள் ஆட்களை நினைத்து எழுந்து நின்றோம். அதைச் செய்யலாமா என்று முதலில் அந்தக் குடும்பங்களிடம் போய்க் கேட்டோம். சம்மதம் சொன்னவர்களுக்கும், மேடையில் எங்களோடு வந்து நின்றவர்களுக்கும் எங்கள் வணக்கம். கடலைப் பற்றி எழுதும் எவரும் இந்த ஊரில் அந்த நாளைத் தாண்டிப் போக முடியாது.

மகா வித்தியாலய அதிபருக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் விசேடமாகச் சொல்ல வேண்டும். கதிரை அடுக்கியதும் வரவேற்றதும் ஒருபுறம் இருக்கட்டும். கேள்வி கேட்டார்களே, அதற்குத்தான் நன்றி. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழும்பி, "இங்க வாற எல்லாரும் குதிரையையும் பெருக்குமரத்தையும் பார்த்து எழுதிப்போட்டுப் போகினம். எங்களை எப்ப எழுதுவீங்கள்?" என்று கேட்டாள். அமர்வில் இருந்த நாவலாசிரியர் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் மற்றவர்கள் ஒல்லாந்தர் கோட்டை பார்க்கப் போனபோது அவர் போகாமல், அந்த வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து அவர்களின் கொப்பிகளை வாங்கி வரிவரியாக வாசித்தார். எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே பாடப்புத்தகத்தின் குரல் கேட்கிறது என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தார். வந்தவர்களிடம் நாங்கள் எதிர்பார்த்ததும் இதுதான். ஐயா, உங்களுக்கு எங்கள் அன்பு.

பிரதேச செயலகம், பிரதேச சபை, மின்சாரம் தடைப்படாமல் பார்த்துக்கொண்டவர்கள், முதலுதவிக்கு வந்திருந்த தாதியர், வாடகை வாங்காமல் ஓடிய ஓட்டோக்காரர், முருகைக்கல் மதிலோரம் அம்புக்குறி எழுதி வழிகாட்டிய சின்னப்பிள்ளைகள் எல்லோருக்கும் நன்றி. கனடா, பிரான்ஸ், இங்கிலாந்து என்று போயிருந்தும் ஊரை மறக்காத உறவுகளின் பணம் இல்லாவிட்டால் படகுச் செலவுக்கே தடுமாறியிருப்போம். கோயில் திருவிழாவுக்கு அனுப்புகிறவர்கள் புத்தகத்துக்கும் அனுப்பினீர்கள். தொடர்ந்து அனுப்புங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன்.

சில அறிவித்தல்கள். விருந்தினர்களும் பதிப்பகத்தாரும் அன்பளிப்பாகத் தந்த நூல்கள் சனசமூக நிலையத்தில் இருக்கின்றன. ஊர்த் தச்சர் இலவசமாக அடித்துத் தந்த அலுமாரியில் அடுக்கியாயிற்று. கிழமை நாட்களில் பின்னேரம் 4 மணி தொடக்கம் 6 மணிவரை உயர்தர வகுப்பு மாணவர்கள் பொறுப்பாக இருப்பார்கள். கொப்பியில் கையொப்பமிட்டு எடுத்துப் போகலாம். வரவு செலவுக் கணக்கு அங்கேயே அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அடுத்த ஆண்டு விழாவுக்கு நாள் குறிக்கும் கூட்டம் சித்திரை வருடப்பிறப்புக்குப் பின் நடக்கும். புங்குடுதீவு, நயினாதீவு நண்பர்களும் வரச் சம்மதித்திருக்கிறார்கள்.

தங்கிய வீடுகளில் விட்டுப்போன பொருட்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன: ஒரு மூக்குக்கண்ணாடி, இரண்டு குடை, ஒரு கைத்தொலைபேசிச் சார்ஜர், பிறகு நீலக் கோப்பு ஒன்றில் கையால் எழுதிய கவிதைகள். கோப்பில் பெயர் இல்லை. யாருடையது என்று சொன்னால் அடுத்த படகிலேயே அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
விழா ஏற்பாட்டுக் குழுவுக்காக,
நெடுந்தீவு