என் தவணையைக் கட்டிய நான்கு பேருக்கும், ஓசூர் ரோட்டில் உட்கார்ந்தவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் என்னுடைய கடைசிக் குழுக் கடன் முடிந்தது. நிலுவை எதுவும் இல்லை என்று ஒரு தாள் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, ரேஷன் கார்டும் பி.எஃப். தாள்களும் இருக்கிற தகரப் பெட்டியில் அதை வைத்தேன். வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு வருடமாக உங்களில் யாரிடமும் நான் ஒழுங்காக நன்றி சொன்னதில்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும், பேச்சு பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். உங்களில் பலருக்குத் தமிழ் படிக்க வராது என்று தெரியும். என் மகள் கன்னடத்தில் சொல்லிக் காட்டுவாள்.

தெரியாதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பெங்களூரில் பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் டெய்லர். 2012இல் ஹெல்பராகச் சேர்ந்து, அப்புறம் காலர் அட்டாச் செய்யும் மெஷினுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் பெயின்டர். 2022 நவம்பரில் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து விழுந்து, அவருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. என் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) அட்டையில் ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் அவருடைய கூலி நின்றுவிட்டது. ஏற்கெனவே இரண்டு குழுக் கடன் இருந்தது, ஒன்று வாரத் தவணை, ஒன்று மாதத் தவணை. அந்தத் தவணைகளைக் கட்டுவதற்காகத் தெருவில் ஒருவரிடம் பத்து வட்டிக்கு 20,000 வாங்கினேன். நகையை அடகு வைத்தேன். 2023 மார்ச்சில் ஆர்டர் இல்லை என்று எங்கள் ஃபாக்டரியை மூடிவிட்டார்கள்.

முதல் நன்றி தொழிற்சங்கத்து அக்காவுக்கு. அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். எச்.ஆர். அறைக்கு வெளியே பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே மேஜையில் அச்சடித்த தாள் கட்டுக்கட்டாக இருக்கிறது. "சொந்தக் காரணத்தால் வேலையை விட்டு விலகுகிறேன்" என்று எழுதியிருக்கும், பெயரும் டோக்கன் நம்பரும் மட்டும் நாம் நிரப்பவேண்டும். கையெழுத்துப் போட்டால் மறுநாளே 30,000 கணக்கில் விழும் என்றார்கள். அன்றைக்கு எனக்கு 30,000 என்பது பெரிய மலை. போட்டுவிடுவது என்றுதான் நானும் நின்றேன். அக்கா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே போகிற ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்து "ராஜிநாமே மாத்ர பரீபேடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ராஜினாமா மட்டும் எழுதாதீங்க என்று கன்னடத்தில். தொண்டை கட்டிப்போய்க் குரலே வரவில்லை, அப்படியும் சொன்னார். என் கையை அவர் விடவே இல்லை. அதனால்தான் நான் திரும்பி வந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. வேலை போனவர்களுக்கு ஈ.எஸ்.ஐ.யில் 2018இல் ஒரு திட்டம் வந்தது, அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர். 2023இல் சராசரி தினக்கூலியில் பாதியை 90 நாளுக்குக் கணக்கில் போட்டார்கள். ஆயுளில் ஒருமுறைதான் கிடைக்கும். நாமாக விலகினோம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அது கைவிட்டுப் போயிருக்கும். எனக்கு அதில் 17,000 சொச்சம் வந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நோட்டில் என் கடன் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். வட்டியையும் பக்கத்திலேயே எழுதச் சொன்னார். குழுக் கடனுக்கு வருடத்துக்கு நூற்றுக்கு 24. பத்து வட்டி என்றால் மாதத்துக்கு 10, வருடத்துக்கு 120. அதுவரை நான் அதை அப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை. முதலில் இதை முடி என்று அந்த வரியைக் கோடு போட்டுக் காட்டினார். மீதி 3,000 என் அண்ணன் திருப்பத்தூரிலிருந்து அனுப்பினார். அதோடு அந்த வட்டிக்காரர் வாசலுக்கு வருவது நின்றது. கிராஜுட்டி முழுதாக வர பதினான்கு மாதம் ஆனது, அதுவும் அக்கா தொழிலாளர் துறைக்கு நடந்த நடையால்தான். மற்ற நஷ்டஈட்டு வழக்கு இன்னும் நடப்பதால் அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

அடுத்தது என் குழுவின் நான்கு பேருக்கு. உங்களுக்கு எழுதத்தான் கை நடுங்குகிறது.

வார மீட்டிங் புதன்கிழமை காலையில். என் பங்கு 560 ரூபாய். ஏப்ரலில் இரண்டு வாரம் நான் மீட்டிங்குக்கே வரவில்லை. கட்டப் பணம் இல்லை, உங்கள் முகத்தைப் பார்க்கவும் தைரியம் இல்லை. வசூலுக்கு வருகிற பையன் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்வான். நான் விளக்கை அணைத்துவிட்டுப் பாத்ரூமில் நின்றிருப்பேன். என் ஒன்பது வயது மகன் கதவைப் பாதி திறந்து "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்பான். சொல்லச் சொன்னது நான்தான். அவன் குரல் எனக்கு உள்ளே கேட்கும். இன்றைக்கும் அது காதில் இருக்கிறது.

மூன்றாவது புதன் காலை, லீடர் அக்கா, நீங்களே என் வீட்டுக்கு வந்தீர்கள். உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டீர்கள். "ஏன்டி, எங்ககிட்ட சொல்ல மாட்டியா?" என்றீர்கள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. மீட்டிங்கில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நான்கு பேரும் ஆளுக்கு 140 எடுத்து வைத்தீர்கள். பூ விற்கிற அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் நாணயங்களாக எண்ணி வைத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு நாணயம். ஜூலை வரை பதினொரு வாரம் இப்படியே நடந்தது. உங்கள் யார் வீட்டிலும் 140 ரூபாய் சும்மா கிடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஒருத்தர் வீட்டில் அந்த மாதம்தான் கேஸ் சிலிண்டர் வாங்க முடியாமல் இருந்தார்கள். ஒருவர்கூட மீட்டிங்கில் என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தெருவிலும் பேசவில்லை.

வசூல் பையனிடம் லீடர் அக்கா பேசியதையும் எழுதியாகவேண்டும், இது மற்றவர்களுக்கும் உதவும். 2022இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, குழுக் கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது. இரண்டு பக்கமும் பேசி வைத்த இடத்தில்தான் வசூலிக்கவேண்டும். அடுத்தடுத்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ நாம் அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். வீட்டு வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகிற மாதிரி கடன் கொடுக்கவும் கூடாது. அக்கா இதையெல்லாம் பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, அந்தப் பையனிடம் கோபப்படாமல் சொன்னார். "நீயும் வேலைக்கு வந்த பிள்ளைதான், ஆனா எட்டு மணிக்கு இந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல உன்னைப் பார்த்தேன்னா 14448க்குப் போன் பண்ணிடுவேன்" என்றார். அது ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பு நம்பர். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு, மிரட்டி வசூலிப்பவர்களுக்குப் பத்து வருடம் வரை ஜெயில் என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நீங்கள்தான் அக்கா.

இனி, பெயரே தெரியாத ஆயிரக்கணக்கான பேருக்கு.

2016 ஏப்ரல் 18. நானும் அன்றைக்கு ஓசூர் ரோட்டில் இருந்தேன். அந்த வருடம் பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்திருந்தது. வேலையை விட்டால் பி.எஃப்.பில் நம் பங்கை மட்டும் எடுக்கலாம், முதலாளி பங்கை 58 வயது வரை தொட முடியாது. எங்கள் லைனில் எத்தனை பேர் 58 வயது வரை மெஷினில் உட்கார முடியும்? கண்ணும் முதுகும் நாற்பதிலேயே போய்விடுகிறது. ஒரு ஃபாக்டரிப் பெண்கள் வெளியே வந்தார்கள், அதைப் பார்த்து அடுத்த ஃபாக்டரிப் பெண்கள் வந்தார்கள். யாரும் கூட்டம் போட்டுக் கூப்பிடவில்லை. வெயிலில் தார் ரோட்டில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். நான் மத்தியானம் பயந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டேன், பிள்ளை அப்போது சின்னக் குழந்தை. நீங்கள் இருந்தீர்கள். மறுநாளும் வந்தீர்கள். தடியடி வாங்கினீர்கள், சில பேர் மேல் கேஸ் விழுந்தது. ஏப்ரல் 19 சாயங்காலம் அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது.

ஏழு வருடம் கழித்து என் பி.எஃப். கணக்கிலிருந்து 1,46,000 வந்தது. கொரோனா நேரத்தில் கொஞ்சம் எடுத்திருந்தேன், அது போக மீதி. பென்ஷன் பங்கு, பத்து வருடம் தாண்டியதால், 58க்கு அப்புறம். வந்த பணத்தில் முதலாளி பங்கு எவ்வளவு என்று மகளிடம் பாஸ்புக்கைப் பார்க்கச் சொன்னேன். 34,000 சொச்சம். அந்தப் பணம் நீங்கள் எனக்கு வாங்கிக் கொடுத்தது. அதில் வாரத் தவணைக் கடன் 21,000 மொத்தமாக முடிந்தது. நான்கு பேருக்கும் ஆளுக்கு 1,540 திருப்பிக் கொடுத்தேன். மீதியில் மகள் பி.யு.சி.க்கு (இங்கே பிளஸ் டூ மாதிரி) புத்தகம் வாங்கினோம். அன்றைக்கு ரோட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டிய பச்சைச் சுடிதார் அக்கா, நீங்கள் எந்த ஃபாக்டரி என்றுகூட நான் கேட்கவில்லை. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும்.

அந்தப் பணமும் சுலபமாக வந்துவிடவில்லை. ஆதாரில் என் இனிஷியல் பெயருக்கு முன்னால், பி.எஃப்.பில் பின்னால். இந்த ஓர் எழுத்துக்காக இரண்டு முறை விண்ணப்பம் திரும்பியது. அப்போது திருத்தத்துக்குக் கம்பெனி கையெழுத்து வேண்டியிருந்தது, கம்பெனிக்கோ பூட்டுப் போட்டாகிவிட்டது. ஜெராக்ஸ் கடைத் தங்கச்சி பழைய ஆபீஸ்காரரின் நம்பரைத் தேடிப் பிடித்து, அவர் வீட்டுக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவரும் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார். இரண்டு பேருக்கும் நன்றி. தங்கச்சி, ஒவ்வொரு தடவையும் "அப்புறம் குடுங்கக்கா" என்றாயே, அந்தக் கணக்கு 180 ரூபாய் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்.

ஓனர் அம்மாவுக்கு: வாடகை 5,500, நான்கு மாதம் என்னால் கொடுக்க முடியவில்லை. "அட்வான்ஸ்ல கழிச்சுக்கறேன், நீ பிள்ளைங்களுக்குச் சோறு போடு" என்றீர்கள். அந்த 22,000ஐ நான் திரும்ப நிரப்ப ஒரு வருடம் ஆனது, நீங்கள் ஒருமுறைகூட ஞாபகப்படுத்தவில்லை. மளிகைக் கடை அண்ணனுக்கு, பற்று நோட்டில் என் பக்கம் நிரம்பியபோது பேசாமல் அடுத்த பக்கத்தில் எழுத ஆரம்பித்ததற்கு. எதிர்வீட்டு மாமிக்கு, சும்மா கிடக்கிறது என்று சொல்லித் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்ததற்கு. அது சும்மா கிடக்கவில்லை மாமி, அதற்கு முந்தின வாரம்தான் நீங்கள் அதில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தீர்கள், நான் பார்த்தேன். ஏழு மாதம் அந்த மெஷினில் ஜாக்கெட்டும் ஃபாலும் தைத்துத்தான் காய்கறிச் செலவை ஓட்டினேன்.

அக்டோபரில் பொம்மசந்திராவில் வேலை கிடைத்தது. தினமும் போக வரப் பஸ். முன்பு மாதிரி டிக்கெட் வாங்கவேண்டி இருந்திருந்தால், அந்தச் சம்பளத்துக்கு அவ்வளவு தூரம் போவதா என்று யோசித்திருப்பேன். ஜூன் மாதமே பெண்களுக்கு இலவசப் பயணம் வந்துவிட்டதால் யோசிக்கவேண்டிய தேவை வரவில்லை. ஆதாரைக் காட்டினால் ஜீரோ டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆகஸ்டிலிருந்து, கர்நாடக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதாமாதம் கொடுத்த கிருஹலட்சுமி 2,000 வேறு. அதை அப்படியே மாதத் தவணைக் கடனுக்கு ஒதுக்கினேன்.

என் வீட்டுக்காரருக்கு நன்றி சொன்னால் கோபப்படுவார். இருந்தாலும் எழுதுகிறேன். ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் மாவைக் கரைத்து எங்களுக்குத் தோசை சுட்டார். கடன்காரர் வந்தால் இனி நானே பேசுகிறேன் என்று கதவைத் திறந்து வைத்தார். மகனைக் கூப்பிட்டு, இனிமேல் அம்மா ஊருக்குப் போயிருக்காங்க என்று யாரிடமும் சொல்லவேண்டாம் என்றார். இப்போது சின்னச் சின்ன பெயின்ட் வேலைக்குப் போகிறார், உயரம் ஏறுவதில்லை.

குழு அக்கா தங்கச்சிகளே, பொங்கலுக்கு எனக்கு போனஸ் வந்தது. உங்கள் நான்கு பேருக்கும் ஜாக்கெட் துணி எடுத்து வைத்திருக்கிறேன், பூக்கார அக்காவுக்கு அரக்கு நிறம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து அனுப்புங்கள். கை நீளம் எவ்வளவு வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கார்வேபாவிபாளையாவிலிருந்து
உங்கள் காலர் டெய்லர்