கல்லுடைக்க ஒரு லேசர்: உப்பளத்து மக்களுக்காக ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

தூத்துக்குடி உப்பளங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் தர்ம மருத்துவமனைக்கு, விலாவைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் கோடையில் அதிகம். நாளெல்லாம் வெயிலும் வியர்வையும். பல அளங்களில் கழிப்பறை கிடையாது என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர் கெட்டிப்பட்டால் அதிலுள்ள உப்புகள் படிந்து கல்லாகின்றன. (அளத்து உப்பு அல்ல, பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட்.)

5 மி.மீ.க்குச் சிறிய கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். நல்ல பெயர் வாழைத்தண்டுச் சாற்றுக்குப் போய்விடும், போகட்டும். பெரிய கல் சிறுநீர்க் குழாயில் சிக்கினால்தான் பாடு. இப்போது நம்மிடம் இருப்பது காற்றழுத்தத்தில் இயங்கும் கருவி. குட்டிச் சுத்தியல் மாதிரி கல்லை இடிக்கும். இடித்த வேகத்தில் கல் சில சமயம் நழுவி, வந்த வழியே சிறுநீரகத்துக்கு ஏறிவிடுகிறது. கருவியின் கம்பி வளையாது, துரத்திப் போக முடியாது. அப்புறம் என்ன, ஸ்டென்ட் (சிறுநீர் அடைபடாமல் இறங்க உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்) வைத்து வெளியூருக்கு அனுப்புகிறோம். அன்றாடக் கூலிக்காரர்கள் எத்தனை பேர் அங்கே போய்ச் சேர்கிறார்கள்?

லேசர் இழை வளையும். சுமார் 0.2 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி இழை. வளையும் ஸ்கோப்புக்குள் (சிறுநீர் வரும் வழியாகவே உள்ளே விட்டுப் பார்க்கும் மெல்லிய குழாய்க் கருவி) நுழைந்து சிறுநீரகத்தின் மூலை வரை போகும். ஒளி துடிப்புத் துடிப்பாகப் பாய்ந்து, கல்லையும் அதிலுள்ள நீரையும் சூடாக்கிப் பொடியாக்கும். இந்த ஒளியை நீர் சட்டென்று உறிஞ்சிவிடுவதால் அரை மில்லிமீட்டருக்கு அப்பால் எட்டாது. குழாயின் சுவருக்கு ஆபத்து குறைவு. உடம்பில் கீறல் கிடையாது.

எந்த லேசர் என்று கமிட்டியில் இரண்டு கூட்டம் நடந்தது. 1990களிலிருந்து புழக்கத்தில் இருப்பது ஹோல்மியம். ஆனால் திறன் கூடிய ஹோல்மியம் கருவிக்குத் தனி மின் இணைப்பு வேண்டும். அண்மையில் வந்த தூலியம் ஃபைபர் லேசர் சாதாரண பிளக்கிலேயே ஓடும், சத்தமும் குறைவு. நம் கட்டடத்து வயரிங்கைப் பார்த்தவர்களுக்கு முடிவு எடுக்க நேரம் ஆகவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சிறுநீரகத்தில் 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்த கல்லுக்கு முதுகு வழியாகத் துளையிட்டு எடுப்பதுதான் பெரும்பாலும் ஏற்ற வழி. அவர்களை இனியும் வெளியே அனுப்பத்தான் வேண்டும்.

கருவிக்கான தொகையில் பாதிக்குமேல் சேர்ந்துவிட்டது. மீதிக்கும், வளையும் ஸ்கோப்புக்கும்தான் கேட்கிறோம். மொத்தமாகத் தர முடியாதவர்கள் மாதாமாதம் சிறு தொகை தந்தால் அதுவும் பெரிய உதவி. இழைகள் தேயும், ஸ்கோப் பழுதாகும். கருவி வாங்கிய மறுவருடம் அதை மூடிப்போட்டு வைக்க எங்களுக்கு விருப்பமில்லை. விலைப்புள்ளிகளின் நகல் அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம்.

வருமான வரியில் நன்கொடைக்கான 80ஜி கழிவு எதிர்பார்ப்பவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தர வேண்டாம். காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ தான் செல்லும். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. நூறு ரூபாய் என்றாலும் ரசீது உண்டு. ரசீது இல்லாமல் எங்கள் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனைக் கமிட்டியார்